‘ஸாரி’யைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?

போன வாரம் உங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, மதியச் சாப்பாடு முடிந்து கைகழுவும் இடத்தில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: “மேடம், ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பிரெஞ்சுல நாலு வார்த்தை இருக்குது. எதிர்ல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. எதை எடுக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது?” பழகப் பழக வரும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான், அப்படிச் சமாளித்துவிடக் கூடிய கேள்வி இல்லை அது என்று உறைத்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்ததும் படித்ததும் புதுச்சேரி. கணவருக்கு ரயில்வேயில் வேலை. விருத்தாசலம் ஜங்ஷனுக்கு மாற்றல் வந்தபோது, இனி பிரெஞ்சுக்கும் நமக்கும் என்ன இருக்கிறது என்று புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போனேன். பெட்டியைத் திறக்க வைத்தவர் செல்வராஜ் என்கிற பீங்கான் கம்பெனிக்காரர்.

செல்வராஜுக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு, விவசாயத்தை விட்டு விருத்தாசலத்துக்கு வந்து சிறிய பீங்கான் கம்பெனி ஒன்றைத் தொடங்கியிருந்தார். மின்சாரப் பெட்டிகளில் இருக்குமே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதுதான் அங்கே முக்கியமான சரக்கு. கொஞ்சம் கோப்பைகளும் உண்டு. அவருக்குக் கூட்டாளி மங்கலம்பேட்டை ஜமால் பாய். பாயின் அண்ணன் துபாயில் கடை வைத்திருந்தார். அந்தக் கடை வழியாக, டோகோ நாட்டு வியாபாரி ஒருவர் இவர்களிடம் சரக்கு வாங்க ஆரம்பித்திருந்தார். டோகோவில் பிரெஞ்சுதான் அலுவல் மொழி.

முதல் விலைப் பட்டியலைச் செல்வராஜ் பிரவுசிங் சென்டரில் கொடுத்து, கம்ப்யூட்டரிலேயே பிரெஞ்சாக்கி அனுப்பிவிட்டார். கோப்பைகள் இரண்டு முறை சூளையில் சுடப்பட்டவை என்பதற்கு இங்கிலீஷில் ‘ட்வைஸ் ஃபயர்டு’ என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டர் அதை ‘இரண்டு முறை வேலையை விட்டு நீக்கப்பட்டவை’ என்று எழுதிவிட்டது. அந்தக் கோப்பைகள் அப்படி என்ன தப்பு செய்தன என்று டோகோக்காரர் கேட்டனுப்பிய பிறகுதான், பிரெஞ்சு தெரிந்த ஆளைத் தேடி என் வீட்டுக்கு வந்தார்கள்.

இந்த மாதிரிச் சொற்கள் உங்களைச் சிரிக்க வைக்கும், சில நேரம் மாட்டியும் விடும். ஆனால் பயப்பட வேண்டியதில்லை. கோப்பையை யாரும் வேலையிலிருந்து நீக்க முடியாது என்று தெரிந்தால் போதும், சரியான சொல் தானாக வந்துவிடும். பக்கத்துச் சொல்லைப் பார், பொருளைப் பார், பேசுகிறவரைப் பார் என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பது சரிதான். நூற்றில் தொண்ணூறு அதிலேயே தீர்ந்துவிடும்.

மிச்சம் இருப்பதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் காலையில் ஜமால் பாய் ஆட்டோவோடு வந்து நின்றார். எப்போதும் வாசலிலேயே நாலு வார்த்தை சிரித்துப் பேசுகிறவர், அன்று சிரிக்கவே இல்லை.

“மேடம், டோகோக்காரரு வந்திருக்காரு. கொஸ்ஸி. மெட்ராஸுல சரக்கு பாக்க வந்தவரு, காரு வெச்சுக்கிட்டு நேரா இங்கயே வந்துட்டாரு. கொஞ்சம் வரணும்.”

ஆட்டோவில் போகும்போதுதான் மற்றதைச் சொன்னார். கொஸ்ஸியின் தம்பி இறந்துவிட்டார். கொஸ்ஸியின் கடையிலேயே மின்சார வேலை பார்த்துவந்தவர். ஃபியூஸ் மாற்றப் போன இடத்தில், கையில் பிடித்து இழுத்த கட்டை இரண்டாக உடைந்து, மின்சாரம் தாக்கியிருக்கிறது. கட்டை செல்வராஜ் கம்பெனிச் சரக்கு.

“நம்ம சரக்கு நல்ல சரக்கு மேடம். கப்பல்ல அடிபட்டிருக்கலாம், அங்க மாட்டும்போது திருகு இறுக்கிக் கீறல் விட்டிருக்கலாம். ஆனா அந்த மனுசன் தம்பியைப் பறிகொடுத்துட்டு வந்திருக்காரு. நீங்க பாத்துப் பக்குவமாப் பேசுங்க. எதுலயும் நாங்க மாட்டிக்காம.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கம்பெனியை நம்பிப் பல வீடுகளில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

செல்வராஜின் அறை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சூடேறிக் கிடந்தது. கொஸ்ஸி நல்ல உயரம், நாற்பது வயது இருக்கும். இளநீர் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் தொடவில்லை. நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும் எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு உட்கார்ந்து, கைக்குட்டை ஒன்றைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே அந்த ஃபியூஸ் கட்டை, இரண்டு துண்டாக.

“இதுதான்,” என்றார் பிரெஞ்சில். “என் தம்பி பேர் கொமி. கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்தோம்.”

நான் சொல்லச் சொல்லச் செல்வராஜ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு துண்டை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்த்தார். புதிதாக உடைந்த பீங்கான் உப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். இதில் ஓரமாக ஒரு இடத்தில் மட்டும் பழுப்பேறிய கோடு ஓடியது. அந்த இடத்தில் கீறல் முன்பே இருந்து அழுக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எப்போது விட்ட கீறல் என்று அந்தக் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் செல்வராஜின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஜமால் பாயும் பார்த்தார்.

செல்வராஜ் துண்டை வைத்துவிட்டுக் கொஸ்ஸியைப் பார்த்து, “ஸாரி சார். வெரி வெரி ஸாரி,” என்றார்.

வெளிநாட்டுக்காரர் முன்னால் தமிழில் பேசினால் மரியாதையாக இருக்காது என்பது அவர் எண்ணம். தெரிந்த இங்கிலீஷை வைத்துத்தான் எப்போதும் பேசுவார்.

இப்போது நான் வாய் திறக்க வேண்டும். உங்களுக்கே தெரியும், துக்க வீட்டில் சொல்லும் ‘ஸாரி’க்குப் பிரெஞ்சில் ‘கொந்தொலேயான்ஸ்’. உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன் என்று பொருள். தப்பு செய்தவன் கேட்கும் ‘ஸாரி’க்கு ‘பார்தோன்’. என்னை மன்னியுங்கள். இரண்டுக்கும் நடுவே ‘தெஸொலே’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதுதான், கடையில் சில்லறை இல்லாவிட்டாலும் அதுதான். தம்பியின் சாவைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தவர் முன்னால் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் சொல்லைச் சொன்னால் பேச்சு சுமுகமாக முடிந்துவிடும். ஜமால் பாய் கேட்டுக்கொண்டதும் அதைத்தான். இரண்டாவதைச் சொன்னால் அந்தச் சாவைச் செல்வராஜின் தலையில் நானே ஏற்றிவைத்தவள் ஆவேன். பேசியவர் எதை நினைத்துச் சொன்னார் என்று அவர் முகத்தில் தேடினேன். அங்கே இரண்டும் இருந்தன. அவரே இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் தயங்கியதைக் கொஸ்ஸி கவனித்துவிட்டார்.

“ஸாரி என்கிற சொல் எனக்குத் தெரியும் மேடம். துபாயில் சரக்கு இல்லாவிட்டால் அதைத்தான் சொல்வார்கள். இவர் என்ன சொல்கிறார்?”

“அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு,” என்றேன். “துக்கம் விசாரிப்பதும் அதுதான், மன்னிப்புக் கேட்பதும் அதுதான். இவர் எதைச் சொல்கிறார் என்று இவரையே கேட்க வேண்டும். கேட்கட்டுமா?”

“கேளுங்கள். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

செல்வராஜிடம் திரும்பித் தமிழில் சொன்னேன். “நீங்க சொன்ன ஸாரிக்கு அவங்க பாஷையில ரெண்டு தனித்தனி வார்த்தை இருக்குதுங்க. ஒண்ணு, உங்க துக்கம் என் துக்கம்ங்கறது. இன்னொண்ணு, என்னை மன்னிச்சிடுங்கங்கறது. நீங்க எதைச் சொன்னீங்க? உங்களைக் கேக்கறேன்னு அவருகிட்டயும் சொல்லிட்டேன்.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. எதைச் சொன்னால் என்ன ஆகும், எது நல்லது என்று எடுத்துச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அதைச் சொன்ன நிமிஷமே நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஒரு பக்கத்து வக்கீல்.

ஜமால் பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “மேடம், என்னங்க இது? சாவுக்கு வந்தவங்ககிட்ட வேற என்னத்தைச் சொல்லுவாங்க? துக்கத்துக்குச் சொல்ற வார்த்தையைச் சொல்லிடுங்க. அண்ணே, ஆமான்னு சொல்லுங்க.”

“பாய், அவரு சொல்லட்டும்,” என்றேன்.

வெளியே மண் அரைக்கும் உருளை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கொஸ்ஸி செல்வராஜின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் இத்தனை வருஷ வேலையில் அதைப் போல நீண்ட மௌனம் ஒன்றை நான் தாங்கியதில்லை. மௌனத்தை நிரப்ப நமக்குக் கை பரபரக்கும். நம் வேலையே பேச்சுதானே. ஆனால் அந்த மௌனம் என்னுடையது அல்ல, செல்வராஜுடையது. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

கடைசியில் அவர் பேசியபோது இங்கிலீஷ் இல்லை, தமிழ்.

“நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க மேடம். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். அவரு தம்பி போனதைக் கேட்டதுல இருந்து எனக்கு நெஞ்சு அடைக்குது. அந்தச் சரக்கு போன தடவை கப்பலுக்கு நேரமாயிடுச்சுன்னு, சூளை நல்லா ஆறறதுக்கு முன்னாடியே கதவைத் தொறந்து எடுத்தோம். எடுக்கச் சொன்னவன் நான். சூட்டோட எடுத்தா உள்ளுக்குள்ள கீறல் விடும். தட்டிப் பாத்துத்தான் அனுப்பினோம். எல்லாத்துலயும் சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு. அந்தக் கீறல் அப்ப விட்டதா, வழியில விட்டதா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா தொறந்தது நான். அதுக்கு அவரு என்னை மன்னிக்கணும்.”

ஜமால் பாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நான் அப்படியே சொன்னேன். ‘தெரியாது’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தவும் இல்லை, ‘தொறந்தது நான்’ என்ற இடத்தில் உயர்த்தவும் இல்லை. இதைச் சொல்வது எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல. நமக்குப் பிடித்த வாக்கியம் வரும்போது குரல் தானாகக் குழையும்.

கொஸ்ஸி கேட்டு முடித்து, உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபத்துக்கான சொற்களை மனத்துக்குள் தயாராகக் கூட வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது வேறு.

“கொமி மெயினை நிறுத்திவிட்டு மாற்றுகிறேன் என்றான். கடையில் ஆள் நிறைய இருந்தார்கள். நிறுத்தினால் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், அப்படியே மாற்று என்றேன். நான்தான் சொன்னேன். இதுவரை அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.”

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதைத் தமிழில் சொன்னேன். அப்படி நிறுத்திக்கொள்வதில் தப்பில்லை. அழுதுகொண்டே சொன்னால் அது நம் அழுகையாகிவிடும். அங்கே அதற்கு இடமில்லை.

நான் சொல்லி முடித்ததும் முதலில் எழுந்தவர் ஜமால் பாய்தான். மேஜையைச் சுற்றி வந்து கொஸ்ஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவன் நாட்டம் தம்பி, ஆண்டவன் நாட்டம்,” என்றார். மொழிபெயர்க்கட்டுமா என்று நான் பார்த்தேன். “சொல்லுங்க மேடம், இதையும் சொல்லுங்க,” என்றார் அதட்டலாக. சொன்னேன்.

செல்வராஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தச் சரக்கில் இன்னும் விற்காத பெட்டிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன, தன் கடையிலும் வேறு ஊர்க் கடைகளிலும், என்றார் கொஸ்ஸி. “ஒண்ணு விடாம நிறுத்தச் சொல்லுங்க. திருப்பி அனுப்பக்கூட வேணாம், அங்கயே ஒடைச்சிடட்டும்.” கொஸ்ஸி அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டார். பெட்டிகளில் இருந்த அடையாளத்தை அங்கிருந்தவர்களிடம் கேட்டு அவர் வரி வரியாகச் சொல்ல, செல்வராஜ் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பெட்டிகளை நான் இப்போதும் நினைப்பதுண்டு. முதல் சொல்லைச் சொல்லி நான் சுமுகமாக முடித்திருந்தால், அவை எங்கேயோ ஒரு கடையின் பலகையில் இருந்திருக்கும். யாரோ வாங்கிப் போயிருப்பார்கள்.

கொஸ்ஸி கிளம்பும்போது கார் வரைக்கும் நான் கூடப் போனேன். கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்று கேட்டார்: “செல்வராஜைக் கேட்காமல் நீங்களாகவே சொல்லியிருந்தால், எந்தச் சொல்லைச் சொல்லியிருப்பீர்கள்?”

“துக்கத்துக்கான சொல்லை,” என்றேன். உண்மை அதுதான்.

அவர் தலையசைத்தார். “அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் அவரைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக ஊருக்குப் போயிருப்பேன்.”

அது நன்றியா, குறையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்டிருக்கலாம்தான். ஆனால் என் மொழிபெயர்ப்பு அங்கே முடிந்துவிட்டது. மிச்சத்தைத் தோண்ட நான் யார்?

திரும்பி வரும் ஆட்டோவில் ஜங்ஷன் ரோடு வந்ததும் ஜமால் பாய் வெடித்தார். “உங்களை மொழிபெயர்க்கத்தானே மேடம் கூப்பிட்டோம்? விசாரணை பண்ணவா கூப்பிட்டோம்? அவரு சொன்னாரு ஸாரி. நீங்க அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு இருந்தா முடிஞ்சிருக்கும்.”

“அந்த ஒரு வார்த்தை என்கிட்ட இல்லையே பாய்.”

“இருந்துச்சு. ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை எடுக்க வேண்டியதுதானே உங்க வேலை?”

நல்ல கேள்வி. உங்கள் கேள்வியும் அதுதான். பிறகு யோசித்து யோசித்து வந்தடைந்தது இது. ஒரு சொல்லுக்கு எது பொருள் என்று நமக்குத் தெரியாவிட்டால், தேடிக் கண்டுபிடிப்பது நம் வேலை. பேசியவருக்கே தெரியாவிட்டால், அதை நாம் அவருக்காகக் கண்டுபிடித்துக் கொடுக்கக் கூடாது. இங்கிலீஷில் ‘ஸாரி’க்குள் ஒரு மனிதன் இரண்டு பக்கமும் போகாமல் நின்றுகொள்ள இடம் இருக்கிறது. பிரெஞ்சுக்குப் போகும்போது அந்த இடம் இல்லாமல் போகிறது. அவரைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளுவதற்கு முன்னால், இங்கே இடம் இல்லை, எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். அவர் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லலாம். செல்வராஜ் அதைத்தான் செய்தார்.

கேட்பதென்று முடிவு செய்தால் எதிரே இருப்பவருக்கும் தெரியும்படி கேளுங்கள். அவருக்குப் புரியாத மொழியில் நீங்கள் இருவரும் குசுகுசுத்தால், பிறகு எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். கேட்ட பிறகு வரும் பதிலுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போக வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை மறக்காதீர்கள்.

கொஸ்ஸி அதற்குப் பிறகு இவர்களிடம் ஃபியூஸ் கட்டை வாங்கவில்லை. வழக்கும் போடவில்லை. அந்த வருஷம் கம்பெனி மிகவும் தள்ளாடியது. செல்வராஜ் ஃபியூஸ் கட்டையை நிறுத்திவிட்டு, கோப்பை, பொம்மை என்று மாறினார். மீண்டு எழச் சில காலம் ஆயிற்று. ஜமால் பாய் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் சலாம் சொல்லுவார், நிற்க மாட்டார். அங்கிருந்து எனக்கு வேலை வருவதும் நின்றுபோனது. அது எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் ஒரு நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜமால் பாய். ரீயூனியன் தீவிலிருந்து ஒருவர் பொம்மை வாங்க வந்திருக்கிறார், பிரெஞ்சு பேசுகிறார், கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டார். எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

“புதுச்சேரியில எத்தனையோ பேரு இருக்காங்களே பாய், என்னையா கூப்பிடறீங்க?”

“இடையில ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து பாத்தோம் மேடம்,” என்றார் அவர், ஆட்டோவில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தபடி. “நாங்க என்ன சொன்னாலும் ஒரு கேள்வி கேக்காம டக்குனு பிரெஞ்சுல சொல்லிடறாங்க. செல்வராஜ் அண்ணனுக்கும் எனக்கும் அதான் பயமா இருக்குது.”